கரண்டியைத் திரும்பச் சட்டியில் விட்டவன்

1

ஒன்பது வருடம் நான் வீட்டுக்குப் பொய் எழுதினேன். போகிற போக்கில் சொல்கிற சின்னப் பொய் என்றால் பரவாயில்லை. இது மாதம் தவறாமல், நீல நிற விமானக் கடிதத்தில், ஒட்டுகிற ஓரம் வரைக்கும் நெருக்கி எழுதிய பொய். "தொலைக்காட்சி நிலையத்தில் அதிகாரியாக இருக்கிறேன். என் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள்" என்று எழுதுவேன். நான்கு பேர் இருந்தது உண்மை. ஒருவர் விளக்குப் பிடிப்பார். ஒருவர் கேமராவைத் தள்ளுவார். ஒரு பெண் என் மூக்கில் பவுடர் போடுவாள். நான்காவது ஆள் நான் சிந்தியதைத் துடைப்பார். நடுவில் நின்று, புதன்கிழமைதோறும் பகல் பன்னிரண்டரை மணிக்கு, பிரான்சின் தெற்கே ஒரு பகுதித் தொலைக்காட்சியில், இருபது நிமிடம் சமைத்துக் காட்டியது நான். என் பதவி சமையல்காரன்.

பிரான்சில் எந்த நகரம் என்று சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது. போன மாதம் என் நிகழ்ச்சிக்குப் பத்து வருடம் நிறைந்தது என்று நகர மன்றத்தில் விழா எடுத்தார்கள். பழைய துண்டுகளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒன்று எல்லாருக்கும் பிரியமானது. நான் குழம்பைக் கரண்டியில் எடுத்து வாயில் வைக்கிறேன். கேமரா என் முகத்துக்குக் கிட்டே வருகிறது. என் கண் எங்கோ தூரத்தில் நிற்கிறது. உதடு லேசாக நடுங்குகிறது. கை தளர்ந்து கரண்டி சட்டிக்குள் இறங்குகிறது. துணை மேயர் எழுந்து, "மண்ணை விட்டு வந்த ஒரு மனிதனின் முழுத் துயரத்தையும் இந்த முகத்தில் பார்க்கிறோம்" என்றார். முன் வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். அப்பளம் அளவுக்கு ஒரு மெடல் கொடுத்தார்கள். நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அந்த முகத்தின் உண்மை வேறு. அங்கே சொன்னால் மெடலைத் திரும்பக் கேட்பார்கள். ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லலாம்.

2

வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் மளிகைக்கடை. சுத்துக்கேணியிலிருந்தும் மற்ற கிராமங்களிலிருந்தும் கரும்பு வெட்டு முடிந்த கையோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆறு மாதத்துக்கான புளியும் மிளகாயும் வாங்கிப் போவார்கள். அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. கடையில் இருக்கும் பொருள் எதையும் கடைக்காரன் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் மூட்டை முழுவதும் எச்சில். வெல்லம் நல்ல வெல்லமா, பெருங்காயத்தில் கலப்படமா, மல்லி பழசா, எல்லாவற்றையும் மூக்கு சொல்ல வேண்டும். ஏழு வயதில் ஒரு வெல்லக் கட்டியை வாயில் போட்டேன். அப்பா அடிக்கவில்லை. அந்தக் கூடை வெல்லம் மொத்தத்தையும் எதிரே மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய்க் கொட்டினார். மாடுகள் அன்று தீபாவளி கொண்டாடின. அதற்குப் பிறகு என் நாக்கு கடைக்குள் வேலை செய்யவில்லை. மூக்கு மட்டும் வளர்ந்தது.

அடுப்படியிலும் அதே சட்டம்தான். அம்மா போன பிறகு என் அக்கா அலமேலுதான் சமையல். உப்பு சரியா என்று அக்கா ஒருநாளும் நாக்கில் விட்டுப் பார்த்ததில்லை. கொதிக்கிற சட்டிமேல் குனிவாள், ஒரு மூச்சு இழுப்பாள், "இன்னும் அரைக் கை" என்பாள். அவ்வளவுதான். படைக்கிற சோறு, பரிமாறுகிற சோறு எதையும் சமைத்தவர் முதலில் ருசி பார்ப்பது எங்கள் வீட்டில் திருட்டுக்குச் சமம்.

சமையல்காரன் என்றால் எங்களுக்கு யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குக் கூட்டி வருவோம். கொல்லைப்பக்கமாக வருவார், கடைசிப் பந்தியில் சாப்பிடுவார், வெற்றிலை பாக்குடன் கூலி வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாகவே போவார். அப்பா அவர்களோடு மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் உட்காரச் சொல்ல மாட்டார். நாங்கள் பெருங்காயம் விற்பவர்கள், கரைப்பவர்கள் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் கப்பலேறக் காரணம் எங்கள் தெருக்கோடியில் இருந்த சொல்தா ராயப்பன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்தவர், பி.ஏ. பரீட்சையில் இரண்டாவது முறையாகக் கோட்டைவிட்ட என்னைப் பார்த்து, "இங்க மொளகா மூட்டைல குந்திகினு இன்னா பண்ணப் போற? வா எங்கூட" என்றார். அங்கே தனக்குத் தெரிந்த ஓர் உணவகத்தில் ஆபீஸ் வேலை இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். ஆபீஸ் உணவகத்தின் பின்பக்கம் இருந்தது. அதில் ஒரு தொட்டியும் இரண்டு குழாய்களும் இருந்தன. பொய்யைத் தொடங்கி வைத்த பெருமை ராயப்பனைச் சேரும். நான் அதைக் கட்டிக் காத்தேன்.

3

தட்டுக் கழுவியவன் எப்படி அடுப்புக்கு வந்தான் என்பது நீளக் கதை. சுருக்கமாக: ஒரு நாள் சமையல்காரர் வரவில்லை. நான் பெருஞ்சீரகத்தை முகர்ந்துவிட்டு இது போன வருடத்துச் சரக்கு என்றேன். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டு வருடம் கழித்து ஏழு மேஜையோடு சொந்தமாக ஒரு சின்ன உணவகம் இருந்தது. அங்கே சாப்பிட வந்தவர்தான் மதாம் ஒதெத். தொலைக்காட்சியில் மதிய நிகழ்ச்சி நடத்துகிற அம்மாள்.

நிலையத்தில் முதல் நாள் எனக்கு ஒரு தலைப்பாகை கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம், நடுவில் கண்ணாடிக் கல். நான் இயக்குநரிடம் சொன்னேன்: "எங்கள் வீட்டில் தலைவலி வந்தால் மட்டும்தான் தலையில் துணி கட்டுவோம். நான் இதைக் கட்டினால் நேயர்கள் என் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்." ஊதுபத்தி கொண்டுவந்தார்கள். அடுப்பு வாசனையை மறைக்கும் என்று அணைத்தேன். பின்னணியில் வீணை மாதிரி ஏதோ ஒன்று வாசித்தார்கள். கடுகு வெடிப்பது காதில் விழவில்லை என்று நிறுத்தச் சொன்னேன். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, வில்லியனூர் மூக்கு. இவ்வளவுதான் என் வேஷம். அதில் இன்றுவரை மாற்றமில்லை.

ஒரே ஒரு இடத்தில் மாட்டினேன். நான் சமைப்பேன், முகர்வேன், மதாம் ஒதெத் சாப்பிடுவார். எட்டு வாரம் இப்படிப் போனது. கடிதங்கள் வரத் தொடங்கின. அந்த மனிதர் ஏன் தான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை? மதாமின் உடல்நலத்தில் எங்களுக்கு அக்கறை உண்டு. இப்படி. இயக்குநர் கூப்பிட்டார். "அடுத்த புதன் நீங்கள் ருசி பார்க்கிறீர்கள். இல்லையென்றால் அதற்கடுத்த புதன் நீங்கள் இல்லை" என்றார். எங்கள் வீட்டுச் சட்டத்தை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அருமை. ருசி பாருங்கள்" என்றார்.

அந்தப் புதன் நேரடி ஒளிபரப்பு. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மதாம் ஒதெத் அன்று ஒரு புதிய சென்ட் பூசி வந்திருந்தார். ரோஜாத் தோட்டத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கவிழ்த்தது மாதிரி. சட்டிமேல் குனிந்தேன். ரோஜா. மறுபடி குனிந்தேன். ரோஜா. புளி எங்கே, பெருங்காயம் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. இருக்கும் என்ற நம்பிக்கையில் கரண்டியை வாயில் வைத்தேன்.

உப்பு இல்லை. குறைவு என்று சொல்லவில்லை. நான் போடவே இல்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உப்புப் பாத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, எடுத்தால் மானம் போகும். அப்போது வந்ததுதான் அந்த முகம். துணை மேயர் கண்ட துயரம் முழுவதும் அரைக் கை உப்பு. அந்த அதிர்ச்சியில் கை தளர்ந்து, வாயில் வைத்த கரண்டி திரும்பச் சட்டிக்குள் போய்விட்டது. மதாம் அதே கரண்டியை எடுத்து ருசித்துவிட்டு "மாஞிஃபீக்" என்றார், பிரமாதம் என்று அர்த்தம். அவர் பண்பானவர்.

மறுவாரம் நூற்றுக்கும் மேல் கடிதங்கள். எல்லாம் முகத்தைப் பற்றி. நாடற்றவனின் கண், தாய்மண்ணின் ஏக்கம். என் வேலை நிலைத்தது. ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் அந்தத் துண்டை மறுபடி போட்டார்கள். உண்மையை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கரையாம்புத்தூர் விவசாயக் குடும்பத்துப் பெண், ஒரு செய்தி கிடைத்தால் இருபது வருடத்துக்குப் பயன்படுத்துவாள்.

4

சம்பளம் வரத் தொடங்கியதும் அரசாங்க அலுவலகத்தில் என்னை என்ன என்று எழுதுவது என்ற சிக்கல் வந்தது. சமையல்காரர் என்றால் எந்தச் சமையலறையில் என்று கேட்டார்கள். தொலைக்காட்சி நிலையத்தில் என்றேன். அங்கே சமையலறை கிடையாது, அது வெறும் அரங்கம், சுவருக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று ஒரு காகிதம் காட்டினார்கள். அப்படியானால் கலைஞர். கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்: "பாடுவீர்களா?" இல்லை. "ஆடுவீர்களா?" எண்ணெய் தெறித்தால். அவள் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்து 'இதர வகை' என்று முத்திரை குத்தி அனுப்பினாள்.

ஆக, பிரான்சில் நான் இதர வகை. வில்லியனூரில் நான் அதிகாரி. இரண்டு நாட்டிலும் ஒருவரும் என் தொழிலைச் சரியாக எழுதவில்லை. நானே எழுதவில்லை.

என் மகள் மாலாதான் ஒருநாள் கேட்டாள். பதினைந்து வயது, அங்கேயே பிறந்தவள், என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடுவாள், அங்கே அப்பாவுக்கு அதுதான் சொல். வீட்டுக்கு எழுதிய கடிதத்தைத் தமிழ் பழகுவதற்காக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அதிகாரி என்றால் சமையல்காரரா?" என்றாள். இல்லை என்றேன். "பிறகு ஏன்?" என்றாள். நான் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்து, ஓரத்தை ஒட்டினேன்.

அப்பா அதற்கு ஐந்து வருடம் முன்பே போய்விட்டிருந்தார். கடைசி வரைக்கும், புளி வாங்க வந்தவர்களிடமெல்லாம், "பையன் பிரான்ஸ்ல டிவி ஆபீசர். கீழ நாலு பேரு" என்று சொன்னாராம். எடை போடும்போது சொல்வாராம், அதில் தராசுத் தட்டுக்கூட ஆடாதாம்.

5

போன வருடம் ஆடியில், மாலாவின் பள்ளி விடுமுறையில், அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போனோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மாலா தன் பையில் ஒரு வீடியோ கேசட் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. வந்த மறுநாள் காலை, நான் பாண்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதை, இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா புருஷனிடம் கொடுத்து, "பாப்பாவின் வேலை" என்று சொல்லியிருக்கிறாள். எந்தப் பாப்பா, என்ன வேலை என்று மாமா குழம்பியிருக்கிறார். விஷயம் விளங்கியதும் ஸ்டேஷன் பக்கம் இருந்த வாடகைக் கடையில் டிவியும் டெக்கும் எடுத்துவந்து, ஆபீசரைப் பார்க்கத் தெருவையே அழைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது மணி ஐந்து. கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில், நாற்பது பேர் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கவிழ்த்துப் போட்ட மரக்கால்மேல் அக்கா. நிறுத்த வழியில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்ட சொல்தா ராயப்பன் மொழிபெயர்ப்பதற்காக நாற்காலியில் உட்கார்த்தப்பட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து, "இன்னாபா சபாபதி, இதுல எது வருது?" என்றார்.

"தெரியல."

"தட்டு கழுவறது வராதில்ல?"

"அத யாரும் படம் புடிக்கல."

"அப்ப பாத்துக்கலாம்."

டிவி போட்டார்கள். பிரெஞ்சுக் கேசட் நம் ஊர் டெக்கில் நிறமில்லாமல்தான் ஓடும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. "கலர்னு சொல்லிதான் வாடக வாங்கினான்" என்றார் மாமா. திரையில் நான் வந்தேன். இடுப்பில் ஏப்ரன், கையில் கத்தி, எதிரில் கத்தரிக்காய். நான் போட்ட மஞ்சள் தூள் சாம்பலாக விழுந்தது.

பின்னாலிருந்து ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "ஆபீசரு கத்திரிக்கா அரியறாரு."

"அங்கெல்லாம் ஆபீசருங்களே அரிஞ்சிக்குவாங்க" என்றார் ராயப்பன்.

"கீழ நாலு பேரு இருந்தாங்களே?"

"அவங்களுக்கு லீவு."

"அந்தம்மா இன்னா சொல்லுது?"

"இன்னா வாசனைன்னு சொல்லுது."

பிறகு அந்த இடம் வந்தது. கரண்டி என் வாய்க்குப் போனது. என் முகம் திரை முழுக்க விரிந்தது. கரண்டி சட்டிக்குள் இறங்கியது. மதாம் ஒதெத் அதே கரண்டியை எடுத்துத் தன் வாயில் வைத்தார். கிடங்கில் தும்மல்கூட நின்றது.

அக்கா எழுந்தாள். "நிறுத்துங்க அத" என்றாள்.

மாலா திகைத்துப்போய், "அத்தை, பிடிக்கவில்லையா?" என்றாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பொய் எழுதின, சரி. வெளிநாட்டுக்குப் போனவன் எவன் நெஜத்த எழுதினான். சமையக்காரனா பூட்ட, அதுவும் சரின்னே வச்சிக்கிறன். வாயில வச்ச கரண்டியச் சட்டில வுட்டியேடா. நீ இந்தக் கடைல வளந்த புள்ளயா?"

எனக்கு ஒரு பதில் இருந்தது. உப்பு இல்லை அக்கா, அதிர்ச்சியில் கை நழுவிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் முன்னால், மகள் முன்னால், ஒன்பது வருடப் பொய் உடைந்த ஐந்தாவது நிமிடத்தில், மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சமைக்கவாவது தெரியும் என்பது. அதையும் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. எச்சில் பண்ணியவன் என்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நாளிக்கி அப்பாவுக்குப் படையல். நீ அடுப்பாண்ட வராத" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

6

உண்மையில் நான் அடுப்பாண்ட போவதாகவே இல்லை. வராதே என்று சொன்னதும்தான் வீம்பு வந்தது. உள்ளே போனேன். அக்கா புளி ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான்தான் சமைப்பேன்" என்றேன்.

"எதுக்கு? அந்தப் பொம்பளையையும் கூட்டியாரயா?"

"அப்பா என்னை ஆபீசர்னு நெனச்சிகினே பூட்டாருக்கா. ஒரு வேளையாவது நான் யாருன்னு தெரிஞ்சி சாப்பிடட்டும்."

அக்கா புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

"எச்சில் பண்ணாம உனுக்கு சமைக்க வருமா?"

"அப்பாகிட்ட கத்துகினதுதான் அங்க வித்துனு இருக்கேன். தொழில் நல்ல தொழில்க்கா. நான் எழுதினதுதான் கேவலம், செஞ்சது இல்ல."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றாள். பிறகு, "நான் வாசப்படில குந்தினு இருப்பன். கரண்டி உன் நெஞ்சுக்கு மேல வந்துச்சின்னா, அவ்ளோதான், அண்டாவோட மாட்டுக்கு ஊத்திடுவன். அவரு புள்ளன்னும் பாக்கமாட்டன், டிவின்னும் பாக்கமாட்டன்."

பத்து வருடத்தில் பல விளக்குகளுக்கு முன்னால் சமைத்திருக்கிறேன். உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று அந்தக் காலைபோல் ஒருநாளும் மூன்று முறை பார்த்துக்கொண்டதில்லை. விறகடுப்பு. அவரைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, ரசம், வடை, பாயசம். அடுப்படி நிலையில் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தாள். உதவவில்லை, இமைக்கவும் இல்லை. எந்தக் கேமராவும் அப்படிப் பார்த்ததில்லை.

தோற்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாட்டுக் கொட்டகை அதே இடத்தில்தான் இருந்தது. அப்பாவின் இலையில் அக்காவின் சமையல் விழும். நான் கடைசிவரை ஆபீசராகவே இருப்பேன்.

சாம்பார் கொதி வந்த நேரம் மாலா குளித்து உடுத்தி உள்ளே வந்தாள். அவளோடு ரோஜாவோ மல்லிகையோ, பாட்டிலில் அடைத்த ஏதோ ஒன்றும் வந்தது. "வெளிய போம்மா" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே.

"புள்ளைய ஏன்டா தொரத்தற?" என்றாள் அக்கா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"சென்ட்டு."

அக்கா என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். என்னவோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். மாலாவைத் தன் பக்கத்தில், புகை வராத இடத்தில், உட்காரவைத்துக்கொண்டாள்.

நான் சட்டிமேல் குனிந்தேன். புளி, துவரம்பருப்பு, கொத்துமல்லி, புகை. அதற்கடியில் ஏதோ ஒன்று மொட்டையாக நின்றது. அரைக் கை போட்டேன். மறுபடி குனிந்தேன். வாசனை மூடிக்கொண்டது. மூடிக்கொண்டது என்பதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது. அங்கே நேயர்களுக்குப் பத்து வருடமாக விளக்கிப் பார்க்கிறேன். கிராம் கணக்கு சொல்லுங்கள் என்று எழுதுகிறார்கள்.

கரண்டி என் நெஞ்சுக்கு மேல் வரவே இல்லை.

படைத்தோம். கற்பூரம் காட்டினோம். காக்கை உடனே வந்தது. அது கேசட் பார்த்திருக்கவில்லை. உறவுக்காரர்கள் சாப்பிட்டார்கள். ராயப்பனும் வந்திருந்தார், "ஆபீசர் சாம்பார் நல்லாருக்குது" என்று சொல்லி மாமாவிடம் முறைப்பு வாங்கினார். அக்கா கடைசியில் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். முதல் வாய் எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, எங்கள் வீட்டுப் பெண்களின் முகம் கேமராவுக்கு ஆகாது. நான் சாம்பார் வாளியோடு நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே, இலையில் மிச்சமிருந்த சோற்றைக் குவித்து, நடுவில் விரலால் ஒரு குழி செய்தாள். இரண்டாவது முறை ஊற்றினேன்.

அப்பா சாப்பிட்டதாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்திருந்தேன். சுத்துக்கேணிக்காரர் ஒருவர் மிளகாய் வாங்க வந்தவர், "இன்னா, ஆபீசரு எப்ப வந்தாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"ஆபீசரு இல்ல. சமையக்காரன். கைப் பக்குவம் எங்க அப்பா குடுத்தது."

திரும்பி வந்த அந்த மாதமே என் காகிதங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தொழில் என்ற கட்டத்தில், கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவு பெரிய எழுத்தில், சமையல்காரர் என்று எழுதினேன். "தொலைக்காட்சியில் இருக்கிறீர்களே?" என்றாள் கவுன்ட்டர் பெண். "அங்கேதான் அடுப்பு இருக்கிறது" என்றேன். 'இதர வகை' முத்திரையை அவள் எடுத்தாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்ப வைத்துவிட்டாள்.

7

இதுவரை எழுதி இரண்டு வாரம் மேஜையில் கிடந்தது. போன மாதம் மெடல் கிடைத்ததும் அக்காவுக்குப் பத்திரிகைப் படத்தை அனுப்பியிருந்தேன். துணை மேயர் சொன்னதையும் தமிழில் எழுதியிருந்தேன்: மண்ணை விட்டு வந்தவனின் துயரம், கைக்குட்டை, எல்லாம். பழைய புத்தி எங்கே போகும். நேற்று பதில் வந்தது. அக்கா பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். கடையில் வியாபாரம் மந்தம், மாலாவுக்கு ஊறுகாய் அனுப்ப ஆள் பார்க்கிறேன், மெடல் பித்தளையா வெள்ளியா என்று தேய்த்துப் பார்த்து எழுது என்றெல்லாம் எழுதிவிட்டு, ஒட்டுகிற ஓரத்தில் நெருக்கி இதையும் எழுதியிருந்தாள்:

"ஊர் நெனப்புன்னு எந்த மேயர் சொன்னது. அந்தக் கொழம்புல உப்பு இல்லடா. வாயில வச்சதும் உன் மூஞ்சி போன போக்குலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அத்தன பேரு எதிர்ல, பொண்ணு வேற பாத்துனு இருக்கா, அதச் சொன்னா உன் பொழப்பு போயிடும்னுதான் எச்சிலச் சாக்கா புடிச்சிகினன்."